வெறுங்காலுடன் நின்ற தலைவர்: டாக்டர் தலிமெரென் ஆவோ

1948ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆம் நாளை எம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அன்றுதான் இலண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில், 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் இரண்டாவதாக வந்து, சுதந்திரம் பெற்று ஆறு மாதமும் நிரம்பாத எம் நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தார். இச்செய்தி பாடநூல்களிலும் உண்டு. அதே நாளில், அதே மாநகரின் கிழக்கயலிலுள்ள இல்போர்ட் என்னும் ஊரில் நிகழ்ந்த வேறொன்றை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அங்கே பிரான்சு நாட்டு உதைபந்துக் குழுவை இந்தியக் குழு எதிர்த்து நின்றது. இந்தியருள் எண்மர் சப்பாத்து அணிந்திலர். அவர்தம் தலைவரோ முப்பது வயதினராய் இருந்தும் இன்னும் பட்டம் பெறாத ஒரு மருத்துவ மாணவர். பெயர் தலிமெரென் ஆவோ, நாகமலையைச் சேர்ந்தவர்.

மலர்க் குழுவினர் விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டபோது நாம் உடன்பட்டது கண்டு நண்பர் சிலர் நகைத்தனர். தமிழாசிரியருக்கும் உதைபந்துக்கும் என்ன உறவு என்பது அவர்தம் வினா. உறவு உண்டு, அது அத்துணைப் பெருமைக்குரியதன்று. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

ஆவோ 1918ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், அந்நாளில் அசாம் மாகாணத்துள் அடங்கியிருந்த நாகமலை மாவட்டத்தில், சங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவ போதகர். குடும்பமோ பெரியது, மக்கள் பன்னிருவர். இம்பூர் என்னுமிடத்து மிஷன் பாடசாலையிலே இவர் எழுத்தையும் பந்தையும் ஒருங்கே கற்றார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மிஷனரிமார் நிறுவிய பாடசாலைகளை அறிந்த நமக்கு இது வியப்பன்று. பள்ளிக்கூட மணியும் உதைபந்தும் ஒரே கப்பலில் வந்திறங்கிய ஊர்கள் ஆசியாவிற் பல.

1935ஆம் ஆண்டில் தந்தையார் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். இறக்குமுன், தம் மகன் மருத்துவம் பயின்று தம் மக்களுக்குத் தொண்டாற்றல் வேண்டும் என்னும் விருப்பத்தை விட்டுச் சென்றார். அப்பொழுது மகனுக்கு வயது பதினேழு. மலைநாட்டில் மருத்துவர் அரிது. மருத்துவம் பயில்வதற்கு ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லுதல் வேண்டும். தந்தையை இழந்த பன்னிருவர் குடும்பத்தில் அத்தகைய விருப்பம் எத்துணைப் பாரமானது என்பதை, மூத்த பிள்ளைகளின் உழைப்பால் இளையோர் கற்கும் வீடுகளிற் பிறந்தோர் உணர்வர்.

யோர்காட் நகரத்து மிஷன் பாடசாலையிற் பயின்றபின் குவகாத்தி நகரத்துக் கொற்றன் கல்லூரியிற் சேர்ந்தார். கொற்றன் கல்லூரி 1901ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற, அசாமின் புகழ்பெற்ற கல்விக்கூடம். அங்கே ஓட்டம், பாய்ச்சல், உதைபந்து ஆகிய யாவற்றிலும் இவர் பெயர் முன்னின்றது. அந்நகரத்து மகாராணா கழகத்துக்கும் ஆடினார். முன்வரிசையில் நின்று கோல் போடுபவராய்த் தொடங்கியவரை நடுவிடத்துக்கு மாற்றியது அக்கழகமே. அம்மாற்றமே இவர் ஆட்டவாழ்வை வகுத்தது.

நடுவிடம் என்றால் என்ன என்பதை ஆட்டம் அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குவோம். அக்காலத்து அணிவகுப்பிலே முன்னே ஐவர், இடையே மூவர், பின்னே இருவர், கோலில் ஒருவர் எனப் பதினொருவரும் நிற்பர். இடையே நிற்கும் மூவருள் நடுவர் ‘சென்ரர் ஹாவ்’ எனப்படுவார். எதிரியின் தாக்குதலை முதலில் எதிர்கொள்பவர் அவர். பந்தைக் கைப்பற்றியதும் முன்னே உள்ள ஐவருள் யாருக்கு அதனை அனுப்புவது என்று முடிவு செய்பவரும் அவரே. காவலும் ஏவலும் அவர் கையில். கோல் போட்டவர் பெயரைப் பத்திரிகை அச்சிடும். நடுவர் பெயரை ஆடினவர்களே நினைவில் வைத்திருப்பர். உயரமும் மூச்சும் தலையால் மோதும் வன்மையும் இவ்விடத்துக்கு வேண்டும். இவை யாவும் ஆவோவிடம் இருந்தன.

1942ஆம் ஆண்டு கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார், இன்று ஆர். ஜி. கார் மருத்துவக் கல்லூரி எனப்படுவது அதுவே. அடுத்த ஆண்டே மோகன் பகான் கழகம் இவரை அழைத்துக் கொண்டது. அக்கழகத்தின் பெயருக்கு அந்நகரில் உள்ள மதிப்பை நாம் இங்கிருந்து அளந்தறிதல் அரிது. 1889இல் தொடங்கிய அக்கழகம் 1911ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் ஐ. எப். ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவின் குழுவை 2–1 என்ற கணக்கில் வென்றது. வென்றவருள் ஒருவர் தவிர ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். ஆள்வோரை ஆளப்படுவோர் அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற நாள் என்று வங்காளம் அதனை இன்றும் கொண்டாடுகிறது. அத்தகைய கழகத்தின் நடுவிடத்தில், வங்காளி அல்லாத, மலையிலிருந்து வந்த ஒரு மாணவர் நின்றார்; பின்னர் அதற்குத் தலைவராகவும் ஆனார்.

அவர் படித்த காலம் எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1943இல் வங்காளப் பெரும் பஞ்சம். கல்கத்தாத் தெருக்களிலே மக்கள் உணவின்றி வீழ்ந்து மடிந்தனர். 1944 ஏப்பிரல் தொடங்கி யூன் வரை அவர் பிறந்த நாகமலையிலேயே, கோகிமா நகரில், யப்பானியப் படைக்கும் பிரித்தானிய இந்தியப் படைக்கும் கடும்போர் நிகழ்ந்தது. 1946 ஆகஸ்டில் கல்கத்தா இனக்கலவரத்தில் மூழ்கியது. பகலில் பிணியறையும் மாலையில் மைதானமும் இரவிற் புத்தகமுமாக இம்மனிதர் இவ்வாண்டுகளைக் கடந்தார். 1942இற் புகுந்தவர் 1950இலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். எட்டு ஆண்டுகள்! அதனை மறைத்து, விளையாட்டாற் படிப்புச் சிறிதும் தளராது என்று மாணவருக்கு உரைப்பது பொய்யாகும். காலம் நீண்டது, ஆயினும் பட்டம் கைக்கு வந்தது.

இனி இல்போர்டுக்கு மீள்வோம். 1948ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவின் தொடக்க நாளில் இந்தியாவின் கொடியை ஏந்திச் சென்றவர் ஆவோவே. சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையாத நாட்டின் கொடி, நாட்டின் ஓர் எல்லைப்புறத்து மலைமகன் கையில் இருந்தது. முதற்சுற்றில் எதிர்ப்பட வேண்டிய பர்மா விலகிக் கொண்டமையால் இந்தியா நேரே பிரான்சை எதிர்கொண்டது. கிரிக்கிள்பீல்ட் மைதானத்திற் கூடியிருந்தோர் ஏறத்தாழப் பதினேழாயிரவர்.

அந்த இந்தியக் குழுவின் பெயர்ப்பட்டியல் தமிழ்ச் செவிக்கு இனியது. கோல் காத்தவர் வரதராஜ். குழுவிலே தன்ராஜ், வஜ்ரவேலு ஆகியோரும் இருந்தனர். பிரான்சு முதற்பாதியில் ஒரு கோல் போட்டது. எழுபதாம் நிமிடத்தில் அதனைச் சமப்படுத்தியவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் உதைபந்துக் கோல் அதுவே. இந்தியருக்குத் தண்ட உதைகள் இரண்டு கிடைத்தன, இரண்டும் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற சைலேன் மன்னா. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருந்தபோது பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டு வென்றது. தோற்றவர்களை நோக்கியே பார்வையாளர் நெடுநேரம் கைதட்டினர் என்பர். அதன்பின் ஐரோப்பாவில் நட்பாட்டங்கள் சில ஆடி, ஒல்லாந்தின் அயாக்ஸ் கழகத்தை அதன் நாட்டிலேயே வென்று திரும்பினர்.

ஏன் சப்பாத்து அணியவில்லை என்று பத்திரிகையாளர் வினவியபோது ஆவோ மொழிந்ததாக ஒரு விடை வழங்குகிறது. ஆங்கிலத்திற் ‘புட்’ என்பது பாதம், ‘பூட்’ என்பது சப்பாத்து. நாம் ஆடுவது புட்போல், நீங்கள் ஆடுவது பூட்போல் என்றாராம். ஓரெழுத்தை நீட்டி எதிரியை மடக்கும் இவ்வித்தை நம் சிலேடைப் புலவருக்கு மிக உவப்பானது. உதைபந்தைப் பற்றி எழுதத் தமிழாசிரியர் ஒருவருக்கு இதுவே போதிய தகுதி என்போம்.

ஆயினும் சிலேடை வேறு, ஆட்டத்தின் இயல்பு வேறு. வெறுங்கால் ஆட்டத்தை வறுமையின் அடையாளம் என்று மட்டும் எண்ணுவோர் உளர். வீரத்தின் அடையாளம் என்று போற்றுவோரும் உளர். உண்மை இவ்விரண்டிலும் நுட்பமானது. உலர்ந்து இறுகிய வெப்பநாட்டு நிலத்திலே வெறுங்காலுக்கு நன்மைகள் பல. பந்தின் உருட்சியைத் தோல் நேரே உணர்கிறது. விரலாலும் உள்ளங்காலின் ஓரத்தாலும் பந்தைச் சிறுசிறு தொடுகைகளால் நடத்தலாம். காலிற் பாரம் இல்லாமையால் திரும்புதலும் விரைதலும் எளிது. அந்நாளைய சப்பாத்தோ தடித்த தோலாலானது. கணுக்காலை மூடி நிற்பது. நனைந்தால் கல்லெனக் கனப்பது. அதனை அணிந்த வெள்ளையரை வெறுங்காலர் சுற்றிச் சுழன்று ஏமாற்றியதில் வியப்பில்லை.

மழை பெய்து நிலம் நனைந்துவிட்டால் கதை மாறும். வழுக்கும் புல்லிலே சப்பாத்தின் அடிக்குமிழ்கள் நிலத்தைப் பற்றும், வெறுங்கால் பற்றாது. அக்காலத்துத் தோற்பந்து நீரை உறிஞ்சிக் கனமாகும்; அதனை வெறும் விரலால் வலிந்து உதைத்தல் துன்பம். குளிரில் விரல்கள் உணர்விழக்கும். எதிரியின் சப்பாத்து மிதிக்கும் என்னும் அச்சம், எத்துணைத் துணிந்தவரையும் ஓர் அங்குலமேனும் பின்வாங்கச் செய்யும். இந்தியர் பாதங்களைத் துணியாற் சுற்றிக்கொண்டு ஆடியதும் இவற்றாலேயே. 1952ஆம் ஆண்டு பின்லாந்தின் எல்சிங்கி நகரத்து ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா இந்தியாவை 10–1 என வீழ்த்தியது. அதன் பின்னரே சப்பாத்து அணிந்தே ஆடுதல் வேண்டும் என்று இந்தியச் சங்கம் விதித்தது. அணிந்து பழகியவர்கள் 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்வரை முன்னேறினர். இடையில் 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு இந்தியா செல்லாமைக்கும் வெறுங்காலே காரணம் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கியது. அது முழு உண்மையன்று. நெடுங்கடற் பயணமும், ஒலிம்பிக்கே பெரிதென நிருவாகிகள் கருதியமையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இலண்டனில் ஆவோவின் ஆட்டத்தைக் கண்ட ஆர்சனல் கழகத்தார், தமக்கு ஆடுமாறு அவரை அழைத்தனர் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். அவ்வாண்டு ஆங்கில முதற்பிரிவில் வாகை சூடிய கழகம் அது. மருத்துவப் படிப்பை முடித்தல் வேண்டும் என்று கூறி ஆவோ மறுத்துவிட்டார். இக்கதையை மேடைகளிற் சொல்வோர், கோடிகளை உதறிய தியாகி என்று இவரைப் புகழ்கின்றனர். அப்புகழுரையில் நமக்கு உடன்பாடில்லை. 1948இல் ஆங்கிலத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் பெறக்கூடிய உச்ச ஊதியம் வாரத்துக்கு 12 பவுண் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. எத்துணைப் பெரிய வீரருக்கும் அதற்கு மேல் இல்லை. 1961இல் அவ்வரையறை நீங்கிய பின்னரே ஊதியம் உயரத் தொடங்கியது. முப்பது வயதில், முழங்கால் ஒருமுறை முறிந்தால் முடிந்துவிடும் தொழிலையும், வாழ்நாள் முழுவதும் நிற்கும் வைத்தியத்தையும் ஒருவர் தூக்கிப் பார்த்தார், பின்னதைத் தெரிந்தார். தந்தைக்குக் கொடுக்க வேண்டிய கடனும் அத்தட்டிலேயே இருந்தது. அவர் செய்ததைத் தியாகம் என்பதினும் தெளிவு என்பதே பொருந்தும்.

கல்கத்தாவிலும் அந்நாளிற் கழகங்கள் வெளிப்படையாக ஊதியம் கொடுப்பதில்லை. வீரருக்குப் புகையிரதப் பகுதியிலோ சுங்கத்திலோ வங்கியிலோ ஒரு தொழில் தேடிக் கொடுப்பதே வழக்கம். ஆட்டம் ஓய்ந்தபின் அத்தொழிலே அவர்க்குச் சோறு போடும். எம் தெமட்டகொடைப் புகையிரதக் கொட்டகையை அடுத்து வாழும் பெற்றோருக்கு இது விளங்காத செய்தியன்று. ‘பந்து சோறு போடுமா?’ என்னும் வினாவை நாம் கேட்டது அவர்களிடத்திலேதான்.

இனி எமது உறவைக் கூறுவோம். ஆசிரிய பயிற்சித் தராதரம் பெற்றுப் பணியில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில், க.பொ.த. சாதாரணதர வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். மாலையிற் பேஸ்லைன் வீதிக்கு அப்பாலுள்ள சிறு வெளியிலே அவன் பந்தை நடத்தும் அழகைக் காண வீதியால் செல்வோர் நிற்பர். தமிழ்ப் பாடத்திலோ அவன் புள்ளிகள் முப்பதைத் தாண்டுவதில்லை. தாயார் வந்து, “சேர், இவன்ட பேரைப் பந்துக் குழுவிலயிருந்து வெட்டிவிடுங்கோ, நீங்கள் சொன்னால் கேட்பான்” என்று கைகூப்பினார். நாமும் பெரிய நன்மை செய்பவர் போல, அவனை அழைத்துப் பேசிப் பெயரை வெட்டுவித்தோம். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பந்தை விட்டான், ஆனாற் புத்தகத்தை எடுத்தானில்லை. மாலைநேரங்கள் வேறெங்கோ கழிந்தன. தேர்வில் வந்த பெறுபேறு முன்னையதினும் தாழ்ந்தது. படிக்கும் நேரத்தைப் பந்து தின்கிறது என்று எண்ணினோம். அவன் பாடசாலைக்கு வருவதே பந்தின் பொருட்டு என்பதை அறிந்திலோம். ஆவோவைப் பற்றிப் படித்தது அதற்குப் பல்லாண்டு பின்னர்.

அவர் கதையிலே எம்மை வருத்துவதும் இதுவே. இம்பூரிலும் யோர்காட்டிலும் கொற்றன் கல்லூரியிலும் அவர் ஆசிரியர் எவரும் அவர் பெயரை வெட்டவில்லை. தந்தையின் விருப்பமோ எவரும் அறிந்தது, போதகர் மகன், பன்னிருவருள் ஒருவன், மருத்துவம் படிக்க வேண்டியவன். பந்தை விடு என்று சொல்வதற்கு இதனினும் வலுவான காரணங்கள் வேறு யாருக்கு வாய்க்கும்?

1950இற் பட்டம் பெற்றபின் ஆவோ கல்கத்தாவிலே தங்கிப் பெரும்பொருள் ஈட்ட முற்படவில்லை. அசாமில் பணியாற்றிப் பின் கோகிமா மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். போரில் தகர்ந்து மீண்டெழுந்து கொண்டிருந்த நகரம் அது. மலைப்பாதைகள் கடியன, அரசியற் கொந்தளிப்பும் துப்பாக்கி ஓசையும் அடங்காத காலம். 1963ஆம் ஆண்டு திசம்பர் முதலாம் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் சுகாதாரப் பணிப்பாளராய் விளங்கி 1978இல் ஓய்வு பெற்றார். மோகன் பகான் மைதானத்தில் அவரைக் கண்டு ஆரவாரித்தோருட் பலர், பின்னர் அவர் எங்குச் சென்றார் என்பதையே மறந்து போயினர். இலண்டனிற் கொடியேந்தியவர் என்பதை அறியாமலே அவரிடம் மருந்து பெற்றோரும் மலைநாட்டிற் பலர் இருந்திருப்பர்.

1998ஆம் ஆண்டு செத்தெம்பர் 13ஆம் நாள் ஆவோ மறைந்தார். புகழ் அதன் பின்னரே திரும்பி வந்தது. மோகன் பகான் கழகம் தன் உயர்விருதாகிய ‘மோகன் பகான் ரத்னா’வை அவர்க்கு வழங்கியது. கொற்றன் கல்லூரியிலே உள்ளரங்கு ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயரால் உதைபந்துச் சுற்றுப்போட்டி ஒன்றும் 2009ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதில் ஆடவந்த மலைநாட்டு இளைஞர் யாவரும் சப்பாத்து அணிந்தே ஆடினர்.